வாடை

பீல் நகரம். ஜனவரி. காலை எட்டரை.
வாசற்கதவின் சட்டத்துக்குள்
சிவப்புத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி
நடுவில் விசிறியைப் பொருத்துகிறோம்,
நானும் உர்ஸ் ட்சுபிண்டனும்.
ஐம்பது பாஸ்கல்.
அதற்கு மேல் தேவையில்லை.
வீட்டின் காற்றை அவ்வளவு உறிஞ்சினாலே
எங்கே பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

முப்பது சென்டிமீட்டர் மரநார்,
மூன்றடுக்குக் கண்ணாடி,
நாடா ஒட்டிய ஒவ்வொரு மூலைக்கும்
தேதியிட்ட புகைப்படம்.
இருக்க வேண்டியது 0.6.
திரையில் 0.9.

புகைக்குழலோடு முழந்தாளில் நகர்கிறேன்.
ஜன்னலடியில் புகை நேராக நிற்கிறது.
கதவு நிலையில் நிற்கிறது.
கூரை விளிம்பில், ஏணி வைத்து, அங்கேயும்
சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி.
"பிழை இயந்திரத்தில்" என்கிறான் உர்ஸ்,
இயந்திரம் அவன் வாங்கியது என்பதை மறந்து.

வீட்டுக்காரி ஏபிஷர் அம்மாள்
சப்பாத்தைக் கழற்றாமல் வந்து நின்று
"என்னை ஃபிளாஸ்க்குக்குள் படுக்கச் சொல்கிறீர்கள்" என்றாள்.
அறுபத்தெட்டு வருடமாய் ஜன்னலை
இரண்டு விரல் திறந்துவிட்டுத்தான் தூங்குகிறாளாம்.
இப்போதும் திறந்தாள்.
அளவு மானி அலறியது.
மூடினாள்.
மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

பாண் கடிக்கும் இடைவேளையில்
மன்னாரிலிருந்து மைத்துனன் செல்வநேசன்:
விருந்தினர் விடுதி கட்டுகிறானாம்,
"அந்த சுவிஸ் சுவரின் படத்தை அனுப்பு."

எழுதினேன்:
இங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது.
குளிக்கிறோம், அவிக்கிறோம்,
தூக்கத்திலும் மூச்சு விடுகிறோம்.
அது சுவரின் பாதி வழியில் குளிர்ந்து
சொட்டாகி மரத்தைத் தின்னும்.
ஆகவே ஈரம் மறிக்கும் தாள் உள்பக்கம்.
உனக்கோ ஏசி ஓடும் அறை,
வெளியே கடல்.
ஈரம் எதிர்த்திசையில் வரும்.
இதே சுவரை அங்கே நிறுத்தினால்
வீட்டுக்கு மழைக்கோட்டை
உள்ளாடையாய் உடுத்திவிட்டவன் ஆவாய்.
முதலில் மேற்குப் பக்கத்துக்கு நிழல் கொடு.
கூரைக்கு வெள்ளை அடி.
சுவரைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.
எனக்குத் தெரியும்.
கேட்க மாட்டான்.

பன்னிரண்டு மணி.
விசிறி மறுபடி இழுக்கிறது.
வெளியே பீஸ் காற்று,
வடகிழக்கிலிருந்து ஏரியை உரித்துக்கொண்டு.
அப்போதுதான் வந்தது:
வெண்ணெயில் வதங்கும் வெங்காயம்.

இந்த வீட்டில் அடுப்பு இன்னும் வரவில்லை.

மூக்கு போன வழியே போனேன்.
படுக்கையறை, கட்டில் வரப்போகும் மூலை,
மின்விளக்குப் பொத்தானின் பெட்டி.
போன கிழமை மின்வேலைக்காரன்
இன்னொரு கம்பிக்காகத் தாளைக் கிழித்து
மூடியைத் திருகிப் போயிருக்கிறான்,
விரல் நுழையும் துளை,
கீழ்மாடிச் சமையலறை வரை நீளும் குழாய்.
பூட்டிய மூடியின் வெளியே நின்றது என் புகை.
வெங்காயத்துக்கு மூடி ஒரு பொருட்டில்லை.

எங்கள் மொழியில் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றும்
அழைக்காமல் அறைக்குள் நுழையும் நாற்றமும்
ஒரே சொல்.
பிரிந்திருப்பவரை நடுங்க வைக்கிறது என்று
பழம்பாட்டில் திட்டு வாங்கியதும் அதுவே.
உர்ஸுக்குச் சொல்லப் பார்த்தேன்.
அவன் நாடாவின் நுனியை
நகத்தால் தேடிக்கொண்டிருந்தான்.

ஒட்டினோம்.
பசை பிடிக்கக் காத்திருந்தோம்.
0.58.
உர்ஸ் எண்ணைப் படம் எடுத்தான்,
விசிறியைக் கழற்றினோம், கதவைச் சாத்தினோம்.

வெங்காயம் போகவில்லை.
காற்றோட்டப் பெட்டிக்கு இணைப்புக் கொடுக்க
செவ்வாய்தான் ஆள் வருவான்.
அதுவரை போக அதற்கு வழியில்லை,
அவ்வளவு நன்றாகச் செய்திருந்தோம்.

ஏபிஷர் அம்மாள் எங்களைப் பார்த்தாள்.
சான்றிதழைப் பார்த்தாள்.
பிறகு நடந்துபோய்
ஜன்னலை இரண்டு விரல் திறந்தாள்.

ஒரு வாடை வெளியே போக
ஒரு வாடை உள்ளே வந்தது.